இறாலோடு சேர்ந்து வாழும் மீன்கள்

நன்னீர் இறால் வளர்ப்பதில் சிரமமே கிடையாது. தொட்டியில் கொஞ்சம் பாசி, இரண்டு செடி, மெதுவாக ஓடும் வடிகட்டி ஒன்று, அவ்வளவு இருந்தால் போதும். மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய உயிர். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை முன்னங்கால்களால் எதையாவது பொறுக்கி வாயில் போட்டபடி இருக்கும். வம்பு தும்புக்குப் போகாது. இருபத்தாறு வருடமாக மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறேன். இறால் வாங்கிப் போனவர்கள் புகாரோடு திரும்பி வந்ததில்லை. பெரும்பாலும் அவர்கள் திரும்பியே வந்ததில்லை.

என் கடை, சாவி செய்பவர் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே சுவரோரமாக மூன்று வரிசைத் தொட்டிகள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நான் தொட்டிக்காரர். மாடியில் என் அறை. கல்யாணம் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நானும் அதன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். எந்த நேரமும் என்னைச் சுற்றி நானூறு உயிராவது இருக்கும். நான் கிட்டே போனால் அத்தனையும் கண்ணாடியோரம் ஓடி வரும். தீனிக்காகத்தான் ஓடி வருகின்றன என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. எதற்காகவோ வருகின்றன, அதுதான் முக்கியம்.

ஓட்டுநர் அண்ணன் முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழையில். கூட அவருடைய மகள். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்; வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. அவர் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை, மறுநாள் கிளம்பியாக வேண்டும். அப்பாவைத் தனியாக விட்டுப் போக மனசு வராமல், அவருக்குத் துணையாக ஒரு உயிரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாய் வேண்டாம், அப்பாவுக்கு முட்டி வலி. பூனை அவருக்கு ஒத்துக்காது. சத்தம் போடக் கூடாது, கடிக்கக் கூடாது, சட்டுனு செத்துப்போகக் கூடாது. அந்த மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ இவ்வளவு கண்டிஷன் போடலை தம்பி" என்றார் ஓட்டுநர்.

நான் இறால் தொட்டியைக் காட்டினேன். அவர் முட்டியைப் பிடித்தபடி குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன தம்பி, காலை எட்டு மணி பஸ் மாதிரி இருக்கு? எல்லாரும் வாசல்லயே நிக்கிறாங்க, ஒருத்தரும் உள்ள போக மாட்டேங்கிறாங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு அந்தக் கடைக்குள் எப்படிக் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இருபது சிவப்பு இறால்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம், ஞாயிறு தவறாமல் வந்தார். சின்னச் சின்னச் சந்தேகங்கள். ஒரு ஞாயிறு மாத்திரை டப்பாவைத் திறந்து என் முன் நீட்டினார். உள்ளே பஞ்சின் மேல் இறால் ஒன்று. "தம்பி, ஒண்ணு போயிடுச்சு" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"போகலைண்ணே. சட்டை மாத்தியிருக்கு. இது அதோட பழைய தோல். ஆளு உள்ளதான் எங்கயாவது ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும்" என்றேன்.

முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் மனைவியைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருடம் படுத்த படுக்கை. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடம் முன்னதாகவே வேலையை விட்டிருக்கிறார். தினமும் காலையில் கரண்டியால் மருந்து புகட்டுவாராம். ஒருநாள் புகட்டிவிட்டு வாயைத் துடைத்துவிட்டு, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் இல்லை.

"மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைனு டாக்டர் சொல்லிட்டார் தம்பி. ஆனா கரண்டி என் கையிலதானே இருந்துச்சு."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதில் நான் கெட்டிக்காரன். வாய் திறந்து பேசாதவற்றோடேயே காலம் தள்ளியவனுக்கு அது தானாக வந்துவிடும்.

பிறகு ஒருநாள், இறாலோடு வேறு எதை விடலாம் என்று கேட்டார். நத்தை விடுங்கள் என்றேன். அது சரியான பதில். நத்தை கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும், இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான்கு நத்தை கொடுத்தேன். தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. இறால்கள் முட்டை கட்டின, குஞ்சு பொரித்தன. ஓட்டுநர் வருவது நின்றுவிட்டது.

ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்று ஏழு ஞாயிறு போனது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நானே போன் செய்தேன்.

"சூப்பரா இருக்கேன் தம்பி. தொட்டியும் சூப்பர். ஒரு குறை இல்லை. நூறைத் தாண்டியாச்சு. என்னத்துக்குச் சும்மா உங்களை வந்து தொந்தரவு பண்ணணும்னுதான்..."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தொட்டி நன்றாக இருப்பவன் தொட்டிக்கடைக்கு எதற்கு வர வேண்டும்? போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் அளவுக்கு மீறி நல்ல யோசனை சொல்லிவிட்டேன் என்று பட்டது. மறுபடியும் போன் செய்தேன்.

"அண்ணே, இறால் மட்டும் இருந்தா மேல்தண்ணி காலியா, மொட்டையா கிடக்கும். நாலு மீன் விட்டா தொட்டி களைகட்டும். வாங்களேன், காட்டறேன்."

ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார், தலையை வாரிக்கொண்டே.

இறாலோடு எந்த மீனைச் சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். மீனின் நிறத்தைப் பார்க்காதீர்கள், வாலைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். வாய்க்குள் அடங்குவது எதுவும் மீனுக்குத் தீனிதான். எவ்வளவு சாதுவான மீனாக இருந்தாலும் இந்த விஷயத்தில் அதற்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. என் கடையில் மூன்றாவது வரிசை முழுவதும் வாய் சிறுத்த மீன்கள். கண்ணாடியை உறிஞ்சியபடி ஒட்டிக்கிடக்கும் குட்டிக் கெளுத்திகள், கொசுவைப் போல மிதக்கும் பொடி மீன்கள். இறாலுக்கென்றே படைத்த மாதிரி இருக்கும்.

ஓட்டுநர் அண்ணனை நான் இரண்டாவது வரிசைக்கு அழைத்துப் போனேன்.

கப்பி மீன் ஆறு கொடுத்தேன். கப்பி சாதுவானது, வளர்ந்த இறாலை ஒன்றும் செய்யாது. இரண்டும் உண்மை. கண்ணிமை முடி அளவில் இருக்கும் குஞ்சுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறே வந்தார். "தம்பி, குஞ்சுகளையே காணோமே."

அதிலிருந்து பதினோரு ஞாயிறு. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட ஞாயிறுகள் அதற்கு முன் இருந்ததில்லை. இரண்டு மணிக்குக் கடைக்கதவைப் பாதி இறக்கிவிடுவேன். அவர் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வருவார். சோதித்துப் பார்ப்போம், சூடு சரியா என்று பேசுவோம், செடியை மாற்றலாமா என்று பேசுவோம். பிறகு டீ, சீட்டு, அவருடைய பேருந்துக் கதைகள். தினமும் தூங்கிவிடும் ஒரு பயணிக்காக, அவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இரண்டு தரம் ஹாரன் அடிப்பாராம். ஒன்பது வருடம் அடித்திருக்கிறார். "ஒருநாள் அவன் லீவு. நான் பாட்டுக்கு அடிச்சிட்டேன். தூங்கிட்டிருந்த வேற ஒருத்தன் எழுந்து இறங்கிப் போயிட்டான் தம்பி. எங்க இறங்கினானோ, எப்படி வீடு போய்ச் சேர்ந்தானோ." இதைச் சொல்லும்போது அவரும் நானும் சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம். தையற்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராவது ஞாயிறு, கப்பிதான் குஞ்சுகளைத் தின்கிறது என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். "உங்களுக்கு மட்டும் எப்படித் தம்பி தெரியுது?" என்று அசந்துபோனார். கப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தொட்டி பழையபடி ஆனது. அவரும் பழையபடி ஆனார். ஐந்து ஞாயிறு ஆளைக் காணோம்.

ஆகவே குள்ளக் கௌராமி ஒரு ஜோடி கொடுத்தேன். வெட்கப்படுகிற மாதிரி செடிக்குள் ஒளிந்து ஒளிந்து வரும் மீன். பார்க்க அழகாக இருக்கும். அவசரமே படாது. நாளுக்கு ஒன்று, இரண்டு நாளுக்கு ஒன்று என்று நிதானமாகத் தின்னும். அந்த ஜோடி எங்களுக்கு ஒன்பது ஞாயிறு கொடுத்தது. அதற்கப்புறம் ஏஞ்சல் மீன். குட்டியில் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், யாராலும் அதைச் சந்தேகப்பட முடியாது. இறாலை விழுங்கும் அளவுக்கு வாய் பெருக நான்கு மாதம் ஆகும். நான்கு மாதத்துக்குப் பதினேழு ஞாயிறு. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

பணத்துக்காகச் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது அபாண்டம். செத்தவற்றுக்கு ஈடாக ஒவ்வொரு முறையும் புது இறால்களைச் சும்மாதான் கொடுத்தேன். நல்ல இறால்களாகப் பார்த்து, நானே வலை போட்டுப் பிடித்துக் கொடுத்தேன்.

இந்தக் காலத்தில் ஓட்டுநர் ஒரு நோட்டுப் போட்டார். பேருந்து ஓட்டும்போது டிரிப் ஷீட் எழுதிய பழக்கம். என்றைக்கு எந்த மீன் ஏறியது, எத்தனை இறால் இறங்கியது என்று தேதிவாரியாக எழுதுவார். இறந்ததை அவர் இறங்கியது என்றுதான் எழுதினார். எழுத எழுத அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. ஒருநாள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் கைக்கு வந்தா போயிடுது. என் கைதான் சரியில்லையோ?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே. உங்க கைக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் ஆறுதல் என்பது டீ மாதிரி, ஆறிப்போகும். அடுத்த ஞாயிறு மறுபடியும் சூடாகத் தேவைப்பட்டது. நானும் சலிக்காமல் கொடுத்தேன். வீட்டிலிருந்த பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். அவ்வளவு மனம் விட்டு அவர் வேறு யாரிடமும் பேசியதில்லை. மகளிடம்கூட.

பிறகு, இனிமேல் மீனே வேண்டாம், இறால் மட்டும் போதும் என்று முடிவெடுத்துவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொட்டி செழித்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரு ஞாயிறு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, கையில் ஒரு பெட்டி இனிப்போடு வந்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, தாத்தா ஆயிட்டேன்! பொண்ணு என்னை அங்கயே வந்து இருக்கச் சொல்லிட்டா. நிரந்தரமா. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன். தொட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறேன். நூத்திநாப்பது பயணிங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம இறக்கணும். அதுக்கு என்ன பண்ணணும், சொல்லுங்க."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன். இனிப்பு இரண்டு எடுத்துக்கொண்டேன். பிறகு கடையின் பின்பக்கம் போனேன். அங்கே நத்தைகளை ஒழிக்கிற மருந்து ஒன்று வைத்திருப்பேன். மயில்துத்தம் கலந்தது, லேசான நீல நிறம். மீன் தாங்கும். இறால் தாங்காது. அதைப் பெயரொட்டாத ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, ஒரு சொட்டுக்குழாயும் சேர்த்துக் கொடுத்தேன்.

"கிளம்பற அன்னிக்குக் காலையில இருபது சொட்டு விடுங்கண்ணே. பயணத்துக்குத் தெம்பா இருக்கும்."

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். இந்த இரண்டரை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவருடைய தொட்டிக்குள் கைவிட்டதில்லை. எல்லாம் அவர் கையால்தான் நடந்தது.

அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு நடந்தே வந்தார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

"இருபதுதான் விட்டேன் தம்பி. வாய்விட்டு எண்ணிக்கிட்டேதான் விட்டேன்."

"தெரியும்ணே."

"ஒண்ணுகூட மிஞ்சலை. முதல்ல அவ. இப்போ இதுங்க." விரித்த கைகளை மடக்கிக்கொண்டார். "அங்க ஒரு பச்சைக் குழந்தை இருக்கு தம்பி. நான் எப்படிப் போவேன்?"

"அவசரம் என்னண்ணே? கொஞ்ச நாள் இங்கயே இருங்க. நான் இருக்கேன்ல" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் உடனே விட்டும்விட்டார், எனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தவர் போல. என்மேல் அவருக்கு அத்தனை அக்கறை.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது மாதம்தான் எங்களுடைய பொற்காலம். தொட்டி இல்லை, சந்தேகம் இல்லை, பாட்டிலில் தண்ணீர் இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார். யாரோ காரணமே இல்லாமல் என்னைத் தேடி வருகிறார் என்பதை நான் முதன்முறையாக அனுபவித்தேன்.

போன மாதம் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். தாத்தா வரவில்லை என்றால் பேரன் வந்து பார்க்கட்டும் என்று நீண்ட விடுப்புப் போட்டு வந்திருக்கிறாள். வீட்டில் நடந்ததை ஓட்டுநரே எனக்குச் சொன்னார். குழந்தை தவழ்ந்து தவழ்ந்து அவர் காலிடம் வருமாம். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்படி வாசல்வரை பின்வாங்கிப் பின்வாங்கிப் போவாராம். ஒருநாள் கட்டிலின் ஓரத்தில் குழந்தை சரிந்திருக்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இவர் நின்றிருக்கிறார். பிடிக்காமல், மகள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அவள் ஓடி வருவதற்குள் குழந்தை விழுந்து, நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

"நான் தொடாம இருந்ததாலதான் தம்பி இந்த மட்டோட போச்சு" என்றார் என்னிடம்.

போன புதன்கிழமை காலை, கடை திறந்த கையோடு மகள் வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, தோள்பையில் அந்த நோட்டு. முன்பெல்லாம் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அன்றைக்கு முறையும் இல்லை, பெயரும் இல்லை.

"இந்த நோட்டுல இருக்கிற ஒவ்வொரு மீனும் நீங்க குடுத்தது. ஒவ்வொண்ணும் இறாலைத் தின்கிற மீன். நான் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒரே நாள்ல தெரிஞ்சது, இத்தனை வருஷம் கடை வெச்சிருக்கிற உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றேன்.

பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடியில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளை ஏமாற்ற முடியாது. "இது மயில்துத்தம்தானே?"

"ஆமாம்மா."

சண்டை போடத் தயாராக வந்தவள், நான் இப்படி உடனுக்குடன் ஒப்புக்கொண்டதும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை கண்ணாடியில் கையை வைத்தது. எல்லா மீன்களும் அந்தக் கைக்கு ஓடி வந்தன. குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. அருமையான குழந்தை, தாத்தாவின் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

"ஏன்?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்காகம்மா."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. ரொம்பக் களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறார். 'என் மனசைத் தேத்தறதுக்காக ஒரு நல்ல மனுஷன்மேல பழி போடறியா? தொட்டிக்காரத் தம்பி அப்படிப்பட்ட ஆளே இல்லை'ன்னு என்னைத் திட்டறார். நீங்க சொன்னாத்தான் நம்புவார். நேர்ல சொல்லுங்க. இல்லைன்னா உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க. போலீஸுக்கெல்லாம் நான் போகப்போறதில்லை. அவர் என் பிள்ளையைத் தூக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். அதுவரைக்கும் நான் இந்த ஊரை விட்டுப் போறதா இல்லை."

தம்பி அப்படிப்பட்ட ஆளே இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளே சொல்லியும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, எழுதித் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். கப்பி, கௌராமி, ஏஞ்சல், கடைசியில் அந்த பாட்டில். இறால்களைக் கொன்றது நான்தான், உங்கள் கை அல்ல, உங்கள் மனைவி விஷயத்திலும் உங்கள் கைக்குச் சம்பந்தமில்லை, நீங்கள் தாராளமாகக் குழந்தையைத் தூக்கலாம் என்று தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தைகூட மறைக்கவில்லை.

எழுதி முடித்தபோது பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது. எடுத்தவுடன் விஷயத்தை உடைத்தால் அவர் மனசு தாங்காது என்று, முதல் பதினோரு பக்கமும் பொதுவாகவே எழுதியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி, பாசியைப் பற்றி, இறால் எப்போது சட்டை மாற்றும், எந்த மீன் அதோடு ஒத்துப்போகும் என்பதைப் பற்றி. நான் செய்ததெல்லாம் பன்னிரண்டாவது பக்கத்தில்தான் வருகிறது.

சனிக்கிழமை மகள் போன் செய்தாள். "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா. அப்பாவை நாளைக்கு வரச் சொல்லு, கையிலயே குடுத்துடறேன்."

அவள் தேங்க்ஸ் சொன்னாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் சொன்னாள். நல்ல பெண்.

மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வயதானவர், கண்ணும் சரியில்லை. ஒரே மூச்சில் படித்தால் ஒன்றும் மனசில் தங்காது. வாரத்துக்கு ஒரு பக்கம் என்று முடிவு செய்திருக்கிறேன். கூடவே இருந்து நானே படித்துக் காட்டுவேன், டீ குடித்துக்கொண்டே பேசுவோம். முதல் பக்கத்தை இன்றைக்குக் கொடுத்தேன். ரசித்துக் கேட்டார். அடுத்த பக்கத்தில் என்ன என்று ஆவலாக விசாரித்தார். மகளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவள் சொன்னால் அவர் நம்ப மாட்டார் என்பதால், அவளும் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பன்னிரண்டாவது ஞாயிறு வருவதற்குள் அது எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் தூக்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்காது.